மாலை நான்கரை மணிக்கு மேல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)



சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் மேடையேறிய இசைக் குழுவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினொரு பேர் கொண்ட குழு. ஓர் ஆர்மோனியம், ஒரு மத்தளம், ஓர் உடுக்கை, மூன்று பறை, ஒரு ஜோடித் தாளம், பாடுவதற்கு நால்வர். அவர்கள் தொடங்கியதும் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாய் மூடினார்கள். முடித்தபோது பந்தல் அதிர்ந்தது. தாளம் போட்டவன் அடியேன்தான் என்பதால், அந்தக் கைதட்டலில் எனக்கும் பதினொன்றில் ஒரு பங்கு உண்டு.

நிற்க. அந்தப் பதினொருவரில் இன்று இந்த வளாகத்துக்குள் இருப்பவர்கள் நால்வர்தாம். மற்ற எழுவரும் மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விட்டார்கள். ஒருவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறார். இருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறார். ஓர் அக்கா திருமணமாகிச் சங்கராபுரம் பக்கம் போய்விட்டார். ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆர்மோனியம் வாசித்த அண்ணன் இதே கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார்.

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் அந்த அண்ணனைப் பார்த்தேன். “தம்பி, அந்தப் பெட்டிய யாராவது தொடறீங்களா? துருத்தி கிழிஞ்சிருந்துச்சே, ஒட்டினீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். என் படிப்பைப் பற்றி விசாரித்ததெல்லாம் பிறகுதான். “நீங்க வந்து வாசிக்கலாமே அண்ணே” என்றேன். “நான் இப்ப வெளியாள் ஆச்சே” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ‘வெளியாள்’ என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு பேருந்தில் ஏறி வந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

நான் சொல்ல வருவது இதுதான். கல்லூரியின் இசைக் குழு மாணவர்க்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. வேறு தொழில் செய்துகொண்டே இசையை விடாமல் வைத்திருக்கும் பெரியவர்களும் அதில் நம்மோடு அமர்ந்து வாசிக்க வேண்டும். கடைக் கணக்கரும், பேருந்து நடத்துநரும், மின்வாரிய ஊழியரும், பள்ளி ஆசிரியையும், கரும்பு வெட்டும் தொழிலாளியும், மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வருபவரும் மாலை நான்கரை மணிக்கு மேல் நம் மரத்தடிக்கு வர வழி வேண்டும்.

ஏப்ரலில் அணையும் விளக்கு

கலைக் கல்லூரி ஒன்றின் இசைக் குழுவுக்கு ஆயுள் எவ்வளவு? ஜூலையில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரு பருவம்தான். ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தவர்கள் வெளியே போகிறார்கள்; தேராதவர்கள் உள்ளே வருகிறார்கள். மத்தளத்தில் பாடக் கைகள் படிய ஓராண்டு பிடிக்கும். பாடுபவரின் மூச்சை அறிந்து வாசிக்க இன்னோர் ஆண்டு பிடிக்கும். மூன்றாம் ஆண்டில்தான் காது திறக்கிறது. காது திறந்த கையோடு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம்.

நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கருவி இருக்கிறது. மாணவர் மாறினாலும் அவை மாறுவதில்லை; வழி காட்டப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். இசைக் குழுவில் மட்டும் அப்படி நிலைத்து நிற்பது எது? கிழிந்த துருத்தியோடு ஓர் ஆர்மோனியப் பெட்டி மட்டுமே. ஆண்டுதோறும் அ, ஆவிலிருந்து தொடங்கும் பள்ளியில் யார்தான் இலக்கணம் வரை படிக்க முடியும்?

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களிலும் பாடற்குழுக்களிலும் மாணவர்களோடு ஊர்க்காரர்களும் அமர்ந்து வாசிக்கிறார்கள். பகலில் மருத்துவர், வழக்கறிஞர், தச்சர். வாரத்தில் ஒரு மாலை வயலின்காரர். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1953-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் கூடித் தமக்கென ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார்கள். நம் சென்னையில் 1893-இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் வேறு வேலைகளில் இருப்போர் கூடிப் பாடும் சங்கமாகவே வளர்ந்து வந்திருக்கிறது. ஆகவே நான் கேட்பது எங்கும் இல்லாத புதுமை அன்று.

ராமன் தட்டிய கதவு

இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் சர் சி.வி. ராமனைப் பற்றிப் படிப்பதெல்லாம் 1928-இல் கண்ட ராமன் விளைவும் 1930-இல் பெற்ற நோபல் பரிசும்தாம். அதற்கு முன் அவர் என்னவாக இருந்தார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அவர் ஓர் அரசாங்கக் கணக்கு அதிகாரி! 1907-இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கராக வேலையில் சேர்ந்தார். வருமானம் உண்டு, மதிப்பு உண்டு, ஆய்வுக்கூடம் மட்டும் இல்லை.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்றது அந்தப் பலகை. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நிறுவிய கழகம் அது. ராமன் போய்க் கதவைத் தட்டினார். “நீ யார்? எந்தக் கல்லூரி? கணக்கு எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டு அனுப்பியிருந்தால் நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். அவர்கள் கதவைத் திறந்தார்கள். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பதவி ஏற்கும் வரை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், காலையில் அலுவலகத்துக்கு முன்னும் மாலையில் அலுவலகத்துக்குப் பின்னும் அங்கே ஆராய்ந்தார்.

எதை ஆராய்ந்தார் என்பது இன்னும் சுவையானது. அந்த ஆண்டுகளில் அவருடைய மனம் பெரும்பாலும் இசைக்கருவிகளிலேயே இருந்தது. தெருப் பாடகர் கையில் இருக்கும் ஏக்தாராவைப் பற்றி 1909-இல் எழுதினார். வில் பட்டு அதிரும் வயலின் தந்தியை ஆராய்ந்தார். 1920-இல் ‘நேச்சர்’ இதழில் மிருதங்கத்தையும் தபேலாவையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்.

அதன் சாரத்தை எங்கள் ஒலியியல் வகுப்பில் பேராசிரியர் விளக்கினார். வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண்ணை 1 என்று கொண்டால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாகப் போகும். எனவே பெரும்பாலான முரசுகளில் ஓசை உண்டு; சுருதி இல்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் கிட்டப் பொடியும் சோறும் சேர்த்துப் பிசைந்து அப்பிய கரணை இருக்கிறதே, அதன் கனம் அந்தத் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்கு செய்துவிடுகிறது. அதனால் முதல் ஐந்து சுரங்களும் 1, 2, 3, 4, 5 என்ற கணக்கில், தந்தியில் எழுவதுபோல் வருகின்றன. மேலை நாட்டு முரசுகளில் காணாத இந்த அமைதியை, பெயர் தெரியாத நம் முன்னோர் காதால் மட்டுமே கேட்டுக் கண்டுபிடித்தார்கள்.

கணக்கர் ஒருவர் மாலை நேரத்தில் வந்து அமர்ந்த இடத்தில் விளைந்த அறிவு இது. அவரை உள்ளே விட்ட கழகத்துக்கு அதனால் குறைவு வந்ததா? இன்று அந்தக் கழகத்தின் பெயரை உலகமே அறிவது அவரால்தான்.

தொழில் வேறு, இசை வேறா?

“இசை என்றால் முழு நேரமும் அதற்கே கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு” என்பார் உண்டு. முழு நேரக் கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் வேறு தொழிலில் இருந்தவர்களால் இசை பெற்ற செல்வத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை 1917-இல் வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்ட ஆபிரகாம் பண்டிதர் யார்? பள்ளி ஆசிரியராக இருந்து, பின் தஞ்சையில் சித்த மருத்துவராக விளங்கியவர். மருந்து விற்ற பணத்தில் இசை மாநாடு நடத்தியவர். ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகள் யார்? மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, அறிவியல் ஆசிரியராக இருந்தவர். நம்மைப் போல் ஒரு பி.எஸ்ஸி.தான் மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு 1947-இல் நூலாக்கினார். கர்நாடக இசையில் பெரும் பாடகர்களை உருவாக்கிய ஸ்ரீபாத பினாகபாணி யார்? ஆந்திரத்தில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். சென்னை மியூசிக் அகாதெமி அவருக்கு 1983-இல் சங்கீத கலாநிதி விருது அளித்தது. உருசிய நாட்டு இசைமேதை போரோதின் தம் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவே வாழ்ந்து 1887-இல் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்ட ஓர் இசை நாடகத்தை நண்பர்கள் முடித்து அரங்கேற்றினார்கள்.

இவர்களெல்லாம் மேதைகள். நான் கேட்பது மேதைகளுக்காக அன்று. மேதைகளுக்கே இரண்டு குதிரையில் சவாரி செய்ய முடிந்தது என்றால், சாதாரணமானவர்கள் வாரத்தில் இரண்டு மாலை மத்தளம் தட்டுவதால் எந்த வேலையும் கெட்டுவிடாது என்பதற்காகவே சொன்னேன்.

நம் மண்ணின் வழக்கம்

உண்மையில், நமக்கு இதை வெளிநாட்டார் சொல்லித் தர வேண்டியதில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். உரையாசிரியர்கள் அந்தப் பறைகளின் பெயரைத் தருகிறார்கள். முல்லையில் ஏறுகோட்பறை, ஏறு தழுவுவோர் பறை. மருதத்தில் நெல்லரி கிணை. நெல் அறுப்போர் பறை. நெய்தலில் மீன்கோட்பறை, மீன் பிடிப்போர் பறை. பெயரிலேயே தொழில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்! அறுவடையும் அதே கைதான், பறையும் அதே கைதான். நம் கல்வராயன் மலை போன்ற குறிஞ்சி நிலத்துக்கு உரியது தொண்டகப் பறை.

நமக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட பாட்டு. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். கூத்தர்கள் தோளில் சுமந்து மலை ஏறிய கருவிகளை அது தொடக்கத்திலேயே வரிசையாகச் சொல்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று அந்த வரிசை போகிறது. மலையிலும் மலையடியிலும் இசை இல்லாத காலம் இருந்ததில்லை.

இன்றும் என்ன? நம் மாவட்டத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து வைக்கிறார்கள். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை நாடே அறியும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடும் அந்தக் கூத்துக்குப் பின்னால் பெஞ்சில் அமர்ந்து முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம் வாசிப்பவர்கள் யார்? பெரும்பாலும் உழவர்கள், கொத்தனார்கள், கூலித் தொழிலாளர்கள். ‘ஜமா’ என்று நாம் சொல்லும் கூத்துக் குழுவில் பதினான்கு வயதுப் பையனும் அறுபது வயது வாத்தியாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பையன் கெட்டால் வாத்தியார் தாங்குவார்; வாத்தியாருக்கு மூச்சு வாங்கினால் பையன் எடுத்துக்கொள்வான். ஜமா ஏப்ரலில் கலைவதில்லை. கல்லூரி இசைக் குழுவிடம் இல்லாமல் ஜமாவிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறை கற்பிக்கும் மதுரை வேலு ஆசானுக்கும் 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செய்தி படித்து மகிழ்ந்தோம். நல்லது. ஆனால் விருது பெறாத கைகள் நம் பக்கத்து ஊர்களில் எத்தனை இருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மலையைப் பற்றியும் ஒரு சொல். என் வகுப்பு நண்பன் ஒருவன் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வருகிறான். ஜாகீர்தார்கள் கையிலிருந்த கல்வராயன் மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.  அவன் வீட்டில் கல்லூரியைப் பார்த்தவன் அவனே முதல்வன், என்னைப் போல. அவன் அண்ணன் ஊர்த் திருவிழாவில் மேளம் கொட்டுபவர். விளைச்சல் இல்லாத மாதங்களில் காபித் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போதெல்லாம் மேளத்தை இறக்கித் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிடுகிறாராம். “அண்ணன் அடிக்கிற அடி ஒண்ணு இருக்கு. அது எங்க ஊர்ல இப்ப அவருக்கும் ஒரு தாத்தாவுக்கும்தான் தெரியும்” என்று நண்பன் சொன்னான். அந்த அடியைக் கற்றுக்கொள்ள நம் குழு ஒரு மாலை ஒதுக்கினால் என்ன?

என் வீட்டு மத்தளம்

இனி, இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாண்டு முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், தந்தையின் தொழில் சொன்னோம். என் முறை வந்தபோது, “அப்பா கரும்பு வெட்டும் கூலி” என்றேன். அது பொய் அன்று. கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில் அவர் அந்த வேலைக்குத்தான் போகிறார். ஆனால் அது பாதி உண்மை. என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூத்தில் மத்தளம் வாசிப்பவர். அதை நான் மறைத்தேன். பள்ளியில் படிக்கும்போது என்னைக் ‘கூத்தாடி மவன்’ என்று கூப்பிட்டார்கள். கல்லூரியிலாவது அந்தப் பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். கூலி என்று சொல்ல வெட்கப்படாத நாக்கு கலைஞன் என்று சொல்ல வெட்கப்பட்டது!

சென்ற ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்தபோது, மத்தளம் வாசித்த நண்பருக்கு இரண்டாம் பாட்டில் நடை மாறும் இடம் கடைசி வரை பிடிபடவில்லை. பதினைந்து நாள் திணறினார். அதை அரை நாழிகையில் நேராக்கித் தரக்கூடியவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மேடையில் அந்த இடத்தில் நண்பர் கை தடுமாறியது. கைதட்டல் சத்தத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். என் தாளம் அவரைவிட்டு அரை அடி விலகியதை நான் கவனித்தேன்.

ஒலியியல் வகுப்பில் ராமனின் கட்டுரையைப் பற்றிக் கேட்ட அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மத்தளத்தை ஆணியிலிருந்து இறக்கினேன். அப்பா விநோதமாகப் பார்த்தார். நான் அதைத் தொட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வலந்தலை மேலே இருக்குமாறு நிறுத்தி, சலித்த மணலை மெல்லத் தூவினேன். ராமன் செய்ததும் இப்படித்தான். தோலில் எந்த இடம் அதிராமல் இருக்கிறதோ அங்கே மணல் ஒதுங்கும். நான் தட்டினேன், மணல் நாலா பக்கமும் சிதறியது. மூன்று முறை தூவினேன், மூன்று முறையும் சிதறியது.

“தள்ளு” என்று சொல்லி அப்பா உட்கார்ந்தார். மோதிர விரலைக் கரணை ஓரத்தில் பட்டும் படாமல் வைத்து, ஆள்காட்டி விரலால் மீட்டில் ‘நம்’ என்று தட்டினார். மணல் துள்ளித் துள்ளி, தோலின் நடுவே குறுக்காக ஒரு கோடு போல ஒதுங்கியது! அந்த விரல் அடிப்படைச் சுரத்தை அடக்கி இரண்டாம் சுரத்தை எழுப்புகிறது என்று நான் வகுப்பில் எழுதிய குறிப்பு என் கண் முன்னால் மணலில் எழுதப்பட்டிருந்தது. நான் வாய் பிளந்து நின்றேன்.

“இதத்தான் காலேஜில சொல்லித் தராங்களா?” என்றார் அப்பா. “விரல எங்க வெச்சா எந்த நாதம் வரும்னு எங்க வாத்தியாரு எனக்குப் பன்னெண்டு வயசுல காட்டினாரு.” பிறகு சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா இப்படி ஒரு கோடு அங்க இருக்குன்னு இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்.”

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரு தோலின் மேல் சந்திக்க இருபது ஆண்டுகள் ஆயின. இத்தகைய சந்திப்புக்குக் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் எது?

எழக்கூடிய கேள்விகள்

“வெளியாட்களை உள்ளே விட்டால் ஒழுங்கு கெடாதா?” நியாயமான கேள்வி. குறிப்பாக மாணவிகளின் பாதுகாப்பை முன்னிட்டுக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பெயர்ப் பதிவேடு வைக்கலாம். முதலில் நம் பழைய மாணவர்கள், அடுத்து மாணவரின் பெற்றோர், பிறகு ஊர்க் கலைஞர்கள் என்று படிப்படியாகப் போகலாம். பொறுப்புப் பேராசிரியர் இல்லாத நாளில் ஒத்திகை இல்லை என்று விதி செய்யலாம். திறந்த மரத்தடியில் எல்லார் கண் முன்னும் நடப்பது ஒத்திகை.

“பெரியவர்கள் வந்தால் மாணவர்களுக்கு மேடை கிடைக்குமா?” இது என் நண்பர்களே கேட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியவர்கள் இருக்கக் கூடாது என்றும், பாடும் பொறுப்பும் முன்வரிசையும் மாணவர்க்கே என்றும் வைத்துக்கொள்ளலாம். கூத்தில் பின்பாட்டுக்காரர் பெஞ்சில்தான் இருப்பார். அதனால் அவர் சிறியவர் ஆவதில்லை.

“படிப்பு கெடாதா?” வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் நாம் கைப்பேசியில் என்ன படிக்கிறோம் என்பதை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

“கூலி வேலை செய்து களைத்தவர்கள் இலவசமாக வந்து வாசிப்பார்களா?” இதுதான் மிகப் பெரிய கேள்வி. என்னிடம் இதற்கு இனிப்பான விடை இல்லை. கரும்பு வெட்டிவிட்டு வரும் நாளில் என் தந்தையின் விரல்கள் மடங்காது. தோகை அறுத்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். கலை ஆர்வம் என்று அழகாகச் சொல்லி ஏழைகளின் நேரத்தை வாங்கிக்கொள்வது தவறு. சம்பளக்காரர் பொழுதுபோக்காக வாசிப்பதும் கூலிக்காரர் வாசிப்பதும் ஒன்றல்ல. ஆகவே ஒத்திகைக்கு வருவோர்க்குப் பேருந்துக் கட்டணமும் தேநீரும், மேடை ஏறினால் அளவான சன்மானமும் கொடுத்தே தீர வேண்டும். கூத்துக்கு அழைக்கும் ஊரார்கூட வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துத்தான் அழைக்கிறார்கள். படித்தவர்களாகிய நாம் அவர்களைவிடக் குறைந்து போகலாமா? இதற்கு விழாச் செலவில் ஒரு சிறு பகுதியே போதும். மேடை அலங்காரத்தில் ஒரு வளைவு குறைந்தால் யாரும் அழப்போவதில்லை.

என் வேண்டுகோள்

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. புதன், சனி இரு நாள்கள் மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை ஒத்திகை. மலைக்குப் போகும் மாணவர்கள் பேருந்தைத் தவறவிடாமல் இருக்க, அவர்களுக்கு ஐந்தரையோடு முடித்துக்கொள்ளலாம். பொறுப்பேற்க ஒரு பேராசிரியர். கருவிகளைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி. யார் எந்தப் பாட்டை, எந்த அடியை யாரிடம் கற்றார் என்று தேதியோடு எழுதி வைக்க ஒரு நோட்டு. அந்த நோட்டு பத்தாண்டு நிரம்பினால், கள்ளக்குறிச்சிச் சீமையின் இசையைப் பற்றி அதற்கு முன் எங்கும் எழுதப்படாத ஒரு நூலாக அது இருக்கும்.

அடுத்த ஆண்டு நானும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். எந்த ஊரில் என்ன வேலை கிடைக்குமோ தெரியாது. எந்த வேலையானாலும், விடுமுறைக்கு ஊர் வரும்போது தாளத்தை எடுத்துக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்து உட்கார எனக்கு உரிமை வேண்டும். ஜவுளிக்கடை அண்ணனுக்கும் அந்த உரிமை வேண்டும். அவர் துருத்தி ஒட்டுவதற்குத் தோல் துண்டுகூட வாங்கி வைத்திருக்கிறாராம்.

இதை எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் நாள் வகுப்பில் நான் சொன்ன பதிலையும் சேர்த்தே படித்தேன். அந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, “என்னய உள்ள விடுவாங்களாடா? கேட்டுல வாட்ச்மேன் யாருன்னு கேட்டா என்னான்னு சொல்றது?” என்று கேட்டார்.

“மத்தளக்காரருன்னு சொல்லுப்பா” என்றேன்.

அவருடைய முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும்தாம் சொல்ல வேண்டும்.